புகையை எரிக்கும் அடுப்பே நல்ல அடுப்பு

முதுகிலே ஒரு பை. பைக்குள் போர்வை, மாற்றுடை, உணவுப் பொருள்கள், ஒரு சிறு பாத்திரம். இவற்றோடு இரண்டு நாள், ஐந்து நாள், பத்து நாள் என்று மலைகளில் நடந்து திரும்பும் பழக்கம் நம் இளைஞர்களிடையே வளர்ந்து வருகிறது. வரவேற்க வேண்டிய பழக்கம்தான். நாள் முழுவதும் நடந்து களைத்தவர் ஓரிடத்தில் அமர்ந்ததும் முதலில் விரும்புவது சூடான ஒரு குவளைத் தேநீர். அதற்கு அடுப்பு வேண்டும். எந்த அடுப்பை எடுத்துச் செல்வது?

சுள்ளியை எரிக்கும் சிறிய அடுப்புகளே இன்று பலவிதமாக விற்கப்படுகின்றன. தகடுகளை மடித்து உறையில் போட்டுக்கொள்ளும் பெட்டி அடுப்பு, இரட்டைச் சுவர் உள்ள உருளை அடுப்பு, விசிறி பொருத்திய அடுப்பு என்று பட்டியல் நீளும். வாங்குவோர் பெரும்பாலும் விலையையும் எடையையும் பளபளப்பையும் பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு. அடுப்பிலிருந்து எழும் புகையைப் பாருங்கள். தன் புகையைத் தானே எரித்துவிடும் அடுப்பே நல்ல அடுப்பு. அத்தகைய அடுப்புக்கு விரல் பருமனுள்ள உதிர்ந்த சுள்ளிகளே போதும். ஒரு கிளையைக்கூட வெட்ட வேண்டியதில்லை. இதற்கு மேல் கேட்கும் அடுப்பு பைக்குள் இடம்பெறத் தகுதியற்றது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

சுடராய் எரிவது எது?

விறகு எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் நாம் காணும் சுடர், விறகு நேரடியாக எரிவதால் உண்டாவதன்று. விறகைச் சூடாக்கினால் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. வெப்பநிலை 200° செ. தாண்டி 300° செ.ஐ நெருங்கும்போது மரத்தின் பொருளே சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாகவும் ஆவிகளாகவும் வெளிவருகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இவ்வாறு வாயுவாகி விடும். இந்த வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதே சுடர். எஞ்சி நிற்பது கரி. அது சுடரின்றித் தணலாகக் கனன்று எரியும்.

இந்த வாயுக்கள் முழுமையாக எரிய இரண்டு வேண்டும். ஒன்று, போதிய ஆக்ஸிஜன். மற்றொன்று, 600° செ.க்கும் மேற்பட்ட வெப்பநிலை. இவற்றுள் எது குறைந்தாலும் வாயுக்கள் எரியாமலே வெளியேறிக் குளிர்ந்து, நுண்துளிகளும் கரித்துகளுமாக மாறும். அதுதான் புகை. ஆகவே புகை என்பது விறகு எரிந்த பின் எஞ்சும் கழிவு அன்று. எரியாமல் தப்பி ஓடும் எரிபொருள்!

நம்பிக்கை இல்லையா? ஒரு மெழுகுவத்தியை ஏற்றிச் சற்று நேரம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியை, திரியைத் தொடாமல், அதற்கு மேலே அந்தப் புகையில் பிடியுங்கள். சுடர் புகைவழியே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மாணவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இந்தச் சோதனையைச் செய்து காட்டினார். 1861-ஆம் ஆண்டில் அச்சேறிய அந்தச் சொற்பொழிவுகள் இன்றும் படிக்கப்படுகின்றன.

ஈர விறகு ஏன் புகைகிறது என்பதும் இப்போது விளங்கும். அதன் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பச்சை விறகில் பாதி எடை நீர் என்று கொள்வோம். மீதி அரைக் கிலோ மரப்பொருள் ஏறக்குறைய 9,000 கிலோஜூல் வெப்பம் தரும். அரைக் கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்கச் சுமார் 1,300 கிலோஜூல் போதும். இழப்பு ஏழில் ஒரு பங்குதான். உண்மையான கேடு வேறு. நீராவி அடுப்பின் வெப்பநிலையைத் தாழ்த்திவிடுகிறது. அதனால் வாயுக்கள் தீப்பற்றாமல் தப்பிவிடுகின்றன. இதுவே பெரிய இழப்பு. எனவே, ஒடித்தால் ‘சடக்’கென முறியும் சுள்ளியையே எடுங்கள். வளைந்து கொடுப்பதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இருபது கிராம் விறகு

ஒரு லிட்டர் நீரை 25° செ.லிருந்து 100° செ. வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை? நீரின் தன்வெப்பம் கிராமுக்கு 4.2 ஜூல். 1,000 கிராம் நீருக்கு, 75 பாகை உயர்வுக்கு, 315 கிலோஜூல் தேவை. காற்றில் நன்கு உலர்ந்த விறகின் ஒரு கிராம் ஏறக்குறைய 16 கிலோஜூல் தரும். ஆக, வெப்பம் சற்றும் வீணாகாவிட்டால் 20 கிராம் விறகு போதும். ஒரு கைப்பிடிச் சுள்ளி கூட வேண்டாம்!

ஆனால் மூன்று கல்லைக் கூட்டித் திறந்த வெளியில் தீ மூட்டினால் பத்தில் ஒரு பங்கு வெப்பமே பாத்திரத்தைச் சேர்கிறது என்று கொள்ளலாம். அப்போது தேவை 200 கிராம். காற்று பலமாக வீசினால் இன்னும் கூடும். நல்ல சிற்றடுப்பு நான்கில் ஒரு பங்கைப் பாத்திரத்திற்குத் தந்தால், 80 கிராமில் வேலை முடியும்.

இந்த வேறுபாடு அற்பமானது என்று எண்ணிவிடாதீர்கள். இமயமலையில் நந்தாதேவி சிகரத்தைச் சூழ்ந்த பள்ளத்தாக்கு 1974-ஆம் ஆண்டில் மலையேறுவோருக்குத் திறந்துவிடப்பட்டது. பத்து ஆண்டுகள் முடிவதற்குள் அதை மூட வேண்டியதாயிற்று. 1982-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, மலையேறுவோர் தடுக்கப்பட்டனர். அவர்களும் சுமை தூக்குவோரும் விறகுக்காக வெட்டிய மரங்களும், விட்டுச் சென்ற குப்பையும் அதற்கு முக்கியக் காரணங்கள். நேபாளத்தில் 1976-ஆம் ஆண்டில் அமைந்த சாகர்மாதா தேசியப் பூங்காவிலும், எவரெஸ்ட் சிகரத்தை நாடி வருவோர் காட்டு விறகை எரிக்கக் கூடாது, மண்ணெண்ணெயோ எரிவாயுவோ கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்கள். அந்த உயரத்தில் ஒரு குற்றுச்செடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். எரிய அரை மணி நேரம் போதும்.

இரண்டு டப்பா அடுப்பு

புகையை எரிப்பது எப்படி? 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை தேடி ரயிலேறி ஊர் ஊராய்த் திரிந்த அமெரிக்கத் தொழிலாளர்கள், காலி டப்பாவில் துளையிட்டு அதையே அடுப்பாக்கிக்கொண்டார்கள். காற்றை அது தடுத்தது. தீயை ஓரிடத்தில் நிறுத்தியது. ஆனால் புகைந்தது. 1980-களின் நடுவில் தாமஸ் ரீட் என்னும் அமெரிக்க அறிஞர் வேறு வழி கண்டார். விறகை அடியில் பற்றவைக்காமல் மேலே பற்றவைத்து, வெளிவரும் வாயுவுக்குத் தனியே காற்றைக் கொடுக்கும் முறை அது. இன்று மலையேறுவோருக்கென விற்கப்படும் இரட்டைச் சுவர் அடுப்புகளில் இந்தத் தத்துவமே கையாளப்படுகிறது. அதை நீங்களே செய்யலாம்.

ஏறக்குறைய 10 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் உள்ள ஒரு டப்பா, 13 செ.மீ. விட்டமும் 14 செ.மீ. உயரமும் உள்ள மற்றொரு டப்பா. பால்பவுடர் டப்பாக்கள் ஏற்றவை. சிறிய டப்பாவின் அடித்தட்டில் ஆணியால் பதினைந்து துளைகள் இடுங்கள். அதன் விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே சுற்றிலும் இருபது துளைகள் இடுங்கள். பெரிய டப்பாவின் பக்கச் சுவரில், அடியை ஒட்டிப் பன்னிரண்டு துளைகள். பென்சில் நுழையும் அளவு போதும். பெரிய டப்பாவின் மூடியில் வட்டமாக வெட்டி, சிறிய டப்பாவை அதில் இறுக்கமாகச் செருகித் தொங்கவிடுங்கள். இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள சந்து மேலே மூடப்பட வேண்டும். அடியில் 2 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பாத்திரம் தாங்க, சுடருக்கு மேல் 4 செ.மீ. உயரத்தில் கனமான கம்பியால் ஒரு முக்காலி செய்துகொள்ளுங்கள். வெட்டிய தகரம் கத்தி போன்றது. கையுறை அணிந்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேலை செய்யுங்கள்.

இது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். ஒடித்த சுள்ளிகளை உள் டப்பாவில், மேல் துளைகளுக்குக் கீழ் வரை நிரப்பி, மேலே சிராய்களைப் போட்டுப் பற்றவைக்கிறோம். தீ மெல்லக் கீழிறங்குகிறது. அடித்துளைகள் வழியே வரும் சிறிதளவு காற்று, விறகு வாயுவாக மாறுவதற்கு மட்டும் போதுமானது. இரு சுவர்களுக்கிடையே ஏறிவரும் காற்றோ சூடாகிறது. சூடான காற்று இலேசாகி மேலெழும் என்பது நீங்கள் படித்த வெப்பச் சலனம். அது மேல் துளைகள் வழியே உள்ளே பாய்ந்து, வெளியேறும் வாயுவோடு கலக்கிறது. ஆக்ஸிஜனும் வெப்பமும் ஒருங்கே கிடைப்பதால் புகை அங்கேயே எரிகிறது. மேல் துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு சுடர் உள்நோக்கி நீள்வதைப் பார்ப்பீர்கள். நம் பாட்டிமார் ஊதாங்குழலால் ஊதியபோது தீக்குக் காற்று கிடைத்தது. ஆனால் அது குளிர்ந்த காற்று. இங்கே காற்று சூடாகி, வேண்டிய இடத்துக்குத் தானே வந்து சேர்கிறது.

டப்பாவைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். துத்தநாகம் பூசிய தகரம் கூடவே கூடாது. அது சூடானால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். அலுமினியம் 660° செ.லேயே உருகிவிடும், தணலின் வெப்பநிலை அதைத் தாண்டக்கூடும். டப்பாவில் வண்ணப்பூச்சு இருந்தால், சமைப்பதற்கு முன் ஒருமுறை திறந்த வெளியில் வெறுமனே எரித்து, புகைக்கு எட்டி நில்லுங்கள். நெடுநாள் உழைக்க வேண்டுமானால் எவர்சில்வர் டப்பாக்களே நல்லவை.

கடை அடுப்புகளில் எதை வாங்குவது?

செய்து பார்த்த பின், வாங்க விரும்பினால் வாங்குங்கள். அப்போது எதைப் பார்ப்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மடக்குப் பெட்டி அடுப்பு தட்டையாகப் பைக்குள் அடங்கும். ஆனால் ஒற்றைச் சுவர் கொண்டது, ஆகவே சற்றுப் புகையும். இரட்டைச் சுவர் உருளை இடத்தை அடைக்கும். அதைப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அந்தக் குறை தீரும். விசிறி அடுப்பில் சுடர் மிக நன்றாக இருக்கும். சிலவற்றில் அடுப்பின் வெப்பமே மின்சாரமாக மாறி விசிறியைச் சுழற்றுகிறது. 1821-இல் சீபெக் கண்டறிந்த விளைவு இப்படிப் பயன்படுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அத்தகைய அடுப்பு சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். விசிறி நின்றால் அடுப்பின் சிறப்பும் நின்றுவிடும். வகுப்பறையில் காட்ட அது சிறந்த பொருள். முதுகில் சுமக்க அன்று.

“இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? எரிவாயுக் குப்பி ஒன்றை எடுத்துச் சென்றால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டு நாள் பயணத்துக்கு எரிவாயுவே சிறந்தது என்பேன். எடை குறைவு, கரி பூசாது, திருகினால் அணையும். பத்து நாள் பயணமானால் கணக்கு மாறும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க 14 கிராம் வாயு ஆகும் என்று கொள்வோம். இருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்றால் பத்து நாளுக்கு 560 கிராம் வாயு. குப்பிகளின் எடையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். தீர்ந்த குப்பிகளைத் திரும்பச் சுமந்து வரவும் வேண்டும். விமானத்திலும் ரயிலிலும் அவற்றை எடுத்துச் செல்லக் கூடாது. மேலும், பியூட்டேன் வாயுவின் கொதிநிலை ஏறக்குறைய 0° செ. ஆதலால், உறைபனியில் அது ஆவியாகாமல் குப்பிக்குள்ளேயே திரவமாகத் தங்கிவிடும். சுள்ளி அடுப்பின் எடையோ 300 கிராம் அளவே. எரிபொருள் வழியில் கிடைக்கும். கிடைக்கும் இடத்தில், அனுமதி உள்ள இடத்தில் மட்டும். இதை மறக்கக் கூடாது.

எந்த அடுப்பானாலும், பாத்திரத்துக்கு ஒரு மூடியும் காற்றைத் தடுக்க ஒரு தகடும் கட்டாயம் வேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 315 கிலோஜூல் போதும். ஆனால் அதை முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீரைத் தளதளவென்று கொதிக்கவிடுவது விறகை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்புவதாகும். 3,000 மீட்டர் உயரத்தில் நீர் 90° செ. அளவிலேயே கொதித்துவிடும், அங்கே பருப்பு வேக நெடுநேரம் ஆகும். ஆகவே அவல், ரவை போன்றவற்றை எடுத்துச் செல்லுங்கள். இதுவும் விறகைச் சேமிக்கும் வழியே.

அளந்து பாருங்கள்

அடுப்பின் தரத்தை விளம்பரம் சொல்ல வேண்டாம். தராசும் வெப்பமானியும் சொல்லட்டும். ஒரே மரத்தின் காய்ந்த சுள்ளிகளில் 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரை ஊற்றி, மூடி போட்டு, சுள்ளி முழுவதும் எரிந்து தீரும் வரை சூடாக்கி, நீர் எட்டிய உயர்ந்த வெப்பநிலையைக் குறியுங்கள். 28° செ.லிருந்து 90° செ.ஆக உயர்ந்தால், நீர் பெற்ற வெப்பம் 260 கிலோஜூல். விறகு தந்தது 1,600 கிலோஜூல். திறன் 16 சதவீதம். முன்னதாகவே நீர் கொதித்துவிட்டால் சுள்ளியைக் குறைத்து மீண்டும் செய்யுங்கள். மூன்று கல் அடுப்பு, ஒற்றை டப்பா, இரட்டை டப்பா ஆகியவற்றை ஒவ்வொன்றும் மும்முறை சோதித்துச் சராசரி காணுங்கள். பாத்திரத்தின் அடியில் படிந்த கரியையும் ஒப்பிடுங்கள். அது தப்பிய எரிபொருளின் கையெழுத்து.

பீரங்கிக் குழாயைக் குடையும்போது உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபுவைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவரே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மியூனிக் நகரில் ஏழைகளுக்கு உணவு சமைக்கும் பெரிய அடுக்களைகளில் விறகு வீணாவதைக் கண்டு, தீயை மூடிவைக்கும் அடுப்புகளை அமைத்தார். அடுப்பை ஆராய்வது பெரிய இயற்பியலாளருக்கும் தாழ்வாகத் தோன்றவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் வீட்டுக்குள் சூழும் புகையால் இறந்தவர்கள் சுமார் 32 இலட்சம் பேர். உங்கள் டப்பா அடுப்பில் நீங்கள் கற்கும் பாடம், அந்தச் சமையலறைகளுக்கும் உரியது.

எங்கே மூட்டக் கூடாது?

கூடாரத்துக்குள் ஒருபோதும் கூடாது. புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. சுடர் அடங்கித் தணல் மட்டும் கனலும்போது கார்பன் மோனாக்ஸைடு மிகுதியாக வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். குளிருக்காகத் தணலை உள்ளே வைத்துத் தூங்கியவர் எழுந்திருக்காமலே போகலாம்.

காப்புக்காடுகளிலும் கூடாது, அங்கே தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும் மலைப்புல்லில் தீ பரவினால் ஓடித் தப்புவது அரிது என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது. கோடையில் நம் மலைகளுக்குச் செல்வோர் அடுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, சமைக்காமல் உண்ணத்தக்கவற்றைக் கொண்டு செல்வதே முறை.

அப்படியானால் எங்கே பயன்படுத்துவது? சாரணர் முகாமில், பள்ளி மைதானத்தில், சொந்த வயல் வரப்பில், அனுமதி பெற்ற முகாம் திடலில். அங்கும் தட்டையான உலர்ந்த கல்லின்மேல் அடுப்பை வையுங்கள். சுற்றிலும் இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சருகை அகற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி நீர் இருக்கட்டும். முடிந்ததும் தணலில் நீரூற்றிக் கிளறி, புறங்கையை அருகில் கொண்டுபோய், சூடு சிறிதும் இல்லை என்று தெரிந்த பிறகே இடத்தைவிட்டு அகலுங்கள்.

வரும் விடுமுறையில் இரண்டு டப்பாக்களைத் தேடி எடுங்கள். அடுப்பைச் செய்து, மூன்று அடுப்புகளின் திறனையும் அட்டவணையாக எழுதி, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு கடைக்குச் சென்றால், “இதில் ஒரு லிட்டர் நீர் கொதிக்க எத்தனை கிராம் சுள்ளி வேண்டும்?” என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாத அடுப்பை வாங்காதீர்கள்.